லைஃபர்: ‘தலைக்காட்சி’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் பறவை பார்க்கப் போயிருந்தோம். மூங்கில் புதருக்கடியில் சருகு அசைந்தது. வாலே இல்லாதது போல் கட்டையான உடம்பு, கறுப்புக் கண்பட்டை, தோளில் நீலத் தீற்று. ஒரு சருகைப் புரட்டிப் போட்டுவிட்டுத் தத்தித் திரும்பியபோது வாலடியின் சிவப்பு தெரிந்தது. ஆறுமணிக்குருவி! தோட்டக்கள்ளன் என்றும் சொல்வோம். குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற வலசைப் பறவை. எங்களோடு வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு, “எனக்கு லைஃபர்” என்று கிசுகிசுத்தாள்.

வீட்டுக்கு வந்து குறிப்பு எழுத உட்கார்ந்தால் ‘லைஃபர்’ (lifer) என்ற இந்த ஓர் ஆங்கிலச் சொல்லில் பேனா நின்றுவிட்டது. ஒருவர் தம் வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கும் பறவையினத்துக்குத் தமிழில் என்ன சொல்வது?

இதற்கு நம் குழுவில் முன்பு பரிந்துரையாக வந்த ‘வாழ்நாள் பறவை’ எனக்கு ஒட்டவில்லை. ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும் பறவை போல ஒலிக்கிறது. ‘புதுப்பறவை’ என்றால் அறிவியலுக்கே புதிய இனம் என்று படிப்பவர் நினைக்கக்கூடும். ‘முதற்பறவை’ பரிணாம வரலாற்றுக்குப் போய்விடுகிறது.

என் பரிந்துரை: தலைக்காட்சி.

தலை தீபாவளி, தலைப்பொங்கல், தலைப்பிரசவம், தலைச்சன் பிள்ளை என்று முதல்முறைக்கு நம் வீடுகளில் புழங்கும் ‘தலை’தான் இது. தீபாவளி ஊருக்கெல்லாம் ஆண்டுதோறும் வருகிறது. தலை தீபாவளி அந்தப் புதுமணத் தம்பதிக்கு மட்டும். லைஃபரும் அப்படித்தானே? ஆறுமணிக்குருவியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அது அந்தப் பிள்ளைக்குத் தலைக்காட்சி. ‘முதல்’ என்ற சொல்லில் இந்த உரிமை இல்லை.

‘காட்சி’யை வேண்டுமென்றேதான் எடுத்தேன். அகப்பொருள் இலக்கணத்தில் தலைவன் தலைவியை முதலில் காண்பது காட்சி; அப்புறம் ஐயம், அப்புறம் துணிவு. பறவை நோக்குகிறவர்களுக்கு இந்த வரிசையை விளக்கவே வேண்டாம். புதரில் ஏதோ அசைகிறது, இதுவா அதுவா என்று குழம்புகிறோம், வாலடிச் சிவப்பைக் கண்டதும் துணிகிறோம்.

‘முதன்மையான காட்சி’ என்று பொருள் மயங்காதா என்று ஐயா ஒருவர் தனிமடலில் கேட்டார். தனிச்சொல்லாக நின்றால் மயங்கலாம், ஒப்புக்கொள்கிறேன். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “இன்று எனக்கு இரண்டு தலைக்காட்சி.” “மாங்குயில் உனக்குத் தலைக்காட்சியா?” ‘எனக்கு’, ‘உனக்கு’ வந்ததும் மயக்கம் தீர்ந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையிடமும் சொல்லிப் பார்த்தேன். “தலை தீபாவளி மாதிரியா?” என்று உடனே கேட்டாள். சொல் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். பறவை நோக்குகிறவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) இணையதளப் பட்டியலில் குரலை மட்டும் கேட்டாலும் அந்த இனத்தைச் சேர்க்கலாம். ஆறுமணிக்குருவியே காலையும் மாலையும் சீழ்க்கையால்தான் பலருக்கு அறிமுகமாகிறது. கண்ணில் படாமல் காதில் மட்டும் விழுந்ததைக் ‘காட்சி’ என்பது முறையா? ‘தலைக்கேள்வி’ என்றால் இன்று வினா என்றே படிப்பார்கள். ‘தலைக்குரல்’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே நிறைவில்லை. இதற்கு உங்களிடம் சொல் இருந்தால் எழுதுங்கள். அது கிடைத்த பிறகு இரண்டையும் சேர்த்தே குறிப்பில் பயன்படுத்தத் தொடங்குகிறேன்.

அன்புடன்.