பேட்வுமன்: ஆள் மாறிய பிறகு பார்க்கலாமா?

நண்பர்களே, ஒரு சந்தேகம். பேட்வுமன் என்ற அமெரிக்க சூப்பர்ஹீரோ டிவி தொடரின் முதல் சீசனை இப்போதுதான் முடித்தேன். பேட்வுமனாக வரும் கேட் கேன் பாத்திரத்தில் நடித்த ரூபி ரோஸ் 2020இல் விலகிவிட்டார். வழக்கமாக அதே பாத்திரத்துக்கு வேறு ஆளைப் போடுவார்கள். இங்கே ரயன் வைல்டர் என்று புதுப் பாத்திரத்தையே உருவாக்கி, ஜவிசியா லெஸ்லியை நடிக்க வைத்திருக்கிறார்கள். வேனில் ஒரு தொட்டிச் செடியோடு குடியிருக்கும் பெண், விமானம் நொறுங்கிய இடத்தில் பேட்வுமன் உடையைக் கண்டெடுக்கிறாள். தொடக்கம் எனக்குப் பிடித்தது. ஆனால் கேட்டுக்கும் அவளுடைய இரட்டைச் சகோதரியும் வில்லியுமான ஆலிஸுக்கும் இருந்த பகைதானே தொடரின் உயிர்? ரயன் வந்தபின் ஆலிஸின் கதை வலுவாக இருக்கிறதா, சும்மா இழுக்கிறார்களா? மொத்தம் மூன்று சீசன்தானாம். பார்த்தவர்கள் முடிவைச் சொல்லாமல் பதில் போடுங்களேன்.