புதுப்பிப்பு: தையல் லைனில் யோசனை கேட்டது

எங்கள் திருப்பூர் பனியன் யூனிட்டில் யோசனைப் பெட்டி வைத்தும் யாரும் எதுவும் போடுவதில்லை, சூப்பர்வைசராக என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். டொயோட்டா 1951-லேயே தொழிலாளர்களிடம் யோசனை வாங்கத் தொடங்கியதைச் சொல்லி, பெட்டி முக்கியமில்லை, சொன்னவருக்கு உடனே பதில் போக வேண்டும் என்றீர்கள்.

சரி என்று பெட்டியை எடுத்துவிட்டேன். டீ நேரத்தில் நானே லைனுக்குப் போய்க் கேட்டேன். முதல் வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஓவர்லாக் மெஷினில் (துணி ஓரம் பிரியாமல் தைப்பது) வேலை செய்யும் அக்கா, "பீஸ் கட்டு கீழ கிடக்காம இடது பக்கம் உசரத்துல இருந்தா குனிய வேண்டியதில்ல தம்பி" என்றார். மறுநாள் காலையிலேயே பழைய ஸ்டூல் ஒன்றைப் போட்டுக் கொடுத்தோம். பலகையில் அவர் பெயரை எழுதினேன். அதைப் பார்த்து நின்ற அவர் முகம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

இந்த வாரம் நான்கு யோசனைகள். ஒன்று சரிவராது, ஏன் என்பதைச் சொன்னவரிடமே உட்கார்ந்து விளக்கினேன்.