அம்மா சுவிட்சை அணைத்தால் ஸ்மார்ட் பல்பு ஹோம் அசிஸ்டண்டில் காணாமல் போகிறது, என்ன செய்யலாம்?

மாடிவீடு_மதுரை:
வணக்கம். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஹோம் அசிஸ்டண்ட் (வீட்டுச் சாதனங்களை இயக்கும் மென்பொருள்) ஓடுகிறது, கூடவே ஒரு சிக்பீ டாங்கிள் (பல்பு, சென்சார்களோடு வயரில்லாமல் பேசும் யுஎஸ்பி குச்சி). ஹால், அம்மா அறை, மாடிப்படி மூன்றிலும் சிக்பீ பல்பு போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அறையை விட்டு வெளியே வரும்போது கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விடும். அணைத்ததும் பல்புக்கே கரண்ட் போய், ஹோம் அசிஸ்டண்டில் 'அன்அவைலபிள்' (தொடர்பில் இல்லை) என்று காட்டும். இரவில் அவர் பாத்ரூமுக்கு எழுந்தால் மோஷன் சென்சார் பார்த்து விளக்கு எரிய வேண்டும் என்றுதான் இதையெல்லாம் ஆரம்பித்தேன். அந்த நேரத்தில்தான் எரிவதில்லை. சுவிட்சு ஆனில் இருக்கும் அறைகளில் வேறு தொல்லை: கரண்ட் போய் வந்தால் நடுராத்திரியிலும் பல்பு பளீரென்று எரிகிறது.

சுவிட்சின் மேல் டேப் ஒட்டச் சொல்கிறார்கள். அம்மா இத்தனை வருடம் புழங்கும் வீட்டில், அவர் தொடக் கூடாத சுவிட்சு என்று ஒன்று இருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. வேறு வழி உண்டா?

ஃபேஸ்_நியூட்ரல்:
நான் வயரிங் வேலை செய்பவன். டேப் வேண்டாம் தம்பி, நீங்கள் நினைப்பதுதான் சரி. அம்மா அறையில் சாதாரண எல்இடி பல்பையே போட்டுவிட்டு, சுவிட்சுக்குப் பின்னால் ரிலே மாட்யூல் (சுவிட்சு சொன்னாலும் ஹோம் அசிஸ்டண்ட் சொன்னாலும் விளக்கைப் போட்டு அணைக்கும் சின்னப் பெட்டி) வையுங்கள். சோனாஃப் இசட்பிமினி ஆர்2 மாதிரி ஒன்று போதும். சுவிட்சும் வேலை செய்யும், சென்சாரும் வேலை செய்யும்.

அதற்கு போர்டில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வேண்டும். நம் ஊர் வயரிங்கில் விளக்கின் நியூட்ரல் நேராக பல்புக்குப் போய்விடும், சுவிட்சுக்கு ஃபேஸ் மட்டும்தான் வரும். ஆனால் அதே போர்டில் 5 ஆம்ப் பிளக் பாயிண்ட் இருந்தால் கவலையில்லை, அதற்கு நியூட்ரல் வந்துதான் ஆக வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் வலது துளை ஃபேஸ், இடது நியூட்ரல், மேலே இருக்கும் பெரிய துளை எர்த். போர்டைக் கழற்றிப் பின்னாலிருந்து பார்க்கும்போது இடம் வலம் மாறிவிடும், கவனம். கறுப்பு வயர்தான் நியூட்ரல் என்று நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், மீட்டர் வைத்துப் பாருங்கள்.

சுவிட்சில் இருக்கும் ஃபேஸ் வயரும் பல்புக்குப் போகும் வயரும் மாட்யூலுக்கு மாறும். சுவிட்சிலிருந்து மாட்யூலின் எஸ்1, எஸ்2 முனைகளுக்குத் தனியாக இரண்டு சின்ன வயர். அந்த இரண்டிலும் மெயின் கரண்ட் படவே கூடாது.

முக்கியமான ஒன்று. மெயினை ஆஃப் செய்தவுடன் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கரண்ட் போய்விட்டதாக எண்ணிவிடாதீர்கள். கரண்ட் கட் என்று நினைத்து இன்வெர்ட்டர் அதே வயரில் 230 வோல்ட் அனுப்பும். அதையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

தாம்பரம்_கூடு:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சிக்பீ பல்புகள் பெரும்பாலும் பக்கத்துச் சென்சார்களின் சிக்னலைக் கடத்தியும் கொடுக்கும். சுவிட்சில் பல்பை அணைத்தால் அந்த வழியும் அறுந்துவிடும். உங்கள் மோஷன் சென்சார் அடிக்கடி தொலைகிறதென்றால் இதுவும் காரணமாக இருக்கலாம். இசட்பிமினி ஆர்2 எப்போதும் கரண்டில் இருப்பதால் அந்த வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

டாங்கிளை ராஸ்பெர்ரி பையின் நீல யுஎஸ்பி போர்ட்டில் நேராகச் செருகியிருந்தால் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். அந்த யுஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல், சிக்பீ பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே கெடுக்கும்.

மாடிவீடு_மதுரை:
இருவருக்கும் நன்றி. அம்மா அறை போர்டில் பிளக் பாயிண்ட் இருக்கிறது, ஹாலிலும் உண்டு. மாடிப்படியில் மட்டும் இல்லை. கரண்ட் வந்ததும் பல்பு தானாக எரிகிறதே, அதற்கு என்ன வழி?

தாம்பரம்_கூடு:
சிக்பீ2எம்க்யூடிடி-யில் (சிக்பீ சாதனங்களை ஹோம் அசிஸ்டண்டோடு இணைக்கும் மென்பொருள்) அந்த பல்புக்கான திரையில் 'பவர் ஆன் பிஹேவியர்' என்ற அமைப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 'ப்ரீவியஸ்' (முந்தைய நிலை) வையுங்கள், அணைந்திருந்தது அணைந்தே இருக்கும். பையும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும்.

ஃபேஸ்_நியூட்ரல்:
மாடிப்படிக்கு நியூட்ரல் தேவைப்படாத இசட்பிமினி எல்2 உண்டு. அது சிக்னலைக் கடத்தாது. பல்பு வழியாகவே துளி கரண்ட் எடுப்பதால் சின்ன வாட் எல்இடி அணைத்த பிறகும் லேசாக மினுங்கலாம். மேலே ஒன்று கீழே ஒன்று என்று டூ-வே சுவிட்சாக இருந்தால் இணைப்பு வேறு மாதிரி வரும். வாங்குவதற்கு முன் இரண்டு போர்டையும் திறந்து படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.