கப்பன் பூங்கா: விழுந்த மரத்தின் இடத்தில் எதை நடுவது?

மண்வாசி:
கோடை மழைக்கு முன்னால் அடிக்கும் காற்றில் பெங்களூரில் வருடாவருடம் மரம் விழுகிறது. கப்பன் பூங்காவும் தப்புவதில்லை. விழுந்த இடத்தில் மறுபடியும் தூங்குமூஞ்சியும் சில்வர் ஓக்கும் வேண்டாம். புங்கன், நாவல், இலுப்பை, மருதம் என்று நம் மரங்களை வைக்கலாம் என்பது என் கட்சி. 1870இல் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி இந்தப் பூங்காவை அமைத்தபோது மைசூர் பிரிட்டிஷ் கமிஷனர்களின் ஆட்சியில் இருந்தது. அவர்களுக்குப் பிடித்தது வந்தது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியா, தூங்குமூஞ்சி தென் அமெரிக்கா, குல்மோகர் மடகாஸ்கர். ஆட்சி போய் எத்தனையோ காலமாகிறது, நடுகிற பட்டியல் மட்டும் மாறவில்லை.

தூங்குமூஞ்சி ரசிகை:
அந்தக் கணக்கில் போனால் புளியமரத்துக்கும் இடம் கிடையாது சார், அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. எத்தனை நூறு வருடம் இருந்தால் ஒரு மரம் நம்முடையதாகும்?

எல்லாம் கமிஷனர்கள் ரசனை என்பதும் சரியில்லை. ஜெர்மன் தோட்டக்கலை நிபுணரான க்ரும்பீகல் 1908இல் மைசூர் மகாராஜாவிடம் வேலைக்கு வந்தவர். ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் இன்னொன்று பூக்க வேண்டும் என்று மாதம் பார்த்து நடும் முறையை இந்த ஊரில் பரப்பியவர் அவர்தான். ஜகரண்டா உதிரும் நேரத்தில் குல்மோகர் தொடங்குவது தற்செயல் இல்லை. நடுவில் நாலு மரத்தை உருவினால் அந்த வரிசை கெட்டுவிடும்.

மண்வாசி:
பூ கண்ணுக்குச் சரி மேடம். பசிக்கு? அத்தியும் அரசும் காய்த்தால் குக்குறுவான், குயில், வௌவால் என்று மரமே சந்தையாகிவிடும். சில்வர் ஓக்கில் என்ன கிடைக்கும்? காபித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் அது நல்ல மரம், மறுக்கவில்லை. ஜனங்கள் நடக்கிற பாதையோரத்தில் சட்டென்று முறிகிற கிளை எதற்கு?

தூங்குமூஞ்சி ரசிகை:
சில்வர் ஓக்குக்காக நான் வாதாட வரவில்லை. தூங்குமூஞ்சியை அதோடு சேர்க்காதீர்கள். அந்த அகலக் குடைக்கு மேலே பருந்து கூடு கட்டுகிறது. சாயங்காலம் இலை மூடிக்கொண்டதும் அடியில் வெளிச்சம் கூடுவதைக் கவனித்திருக்கிறீர்களா?

கால்வாய்:
குறுக்கே வருகிறேன். மூச்சு முட்டுகிற நோயாளியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஜாதகம் பார்க்கிறீர்கள். அடுத்த முறை நடைபாதை ஓர மரங்களின் அடியைப் பாருங்கள். சில இடத்தில் இன்டர்லாக் கல்லைப் பட்டையை ஒட்டியே பதித்திருப்பார்கள். மரம் பருக்கப் பருக்கக் கல் தூக்கும். அதைச் சரிசெய்ய வருகிறவர் வேரைச் செதுக்கி மட்டமாக்கிவிட்டுப் போவார். கேபிளுக்குப் பள்ளம் தோண்டினால் ஒரு பக்க வேர் மொத்தமாகப் போகும். தூங்குமூஞ்சிக்கு வேர் ஆழமில்லை, அகலம்தான். அந்தப் பக்கப் பிடிப்பு போனபின் மே மாதக் காற்று ஒன்று போதும்.

அப்புறம் தண்ணீர். பக்கத்திலேயே சம்பங்கி ஏரி இருந்தது, அந்த இடத்தில் இப்போது கண்டீரவா ஸ்டேடியம். பூங்காவுக்குள்ளும் கட்டடம், கிளப், வண்டி ஓடும் ரோடு. ஆஸ்திரேலியாவோ ஆற்காடோ, எந்த ஊர் மரமானாலும் இதே கதிதான்.

மண்வாசி:
நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம். வேருக்கு இடம் குறைந்துவிட்டதென்றால், அவ்வளவு இடம் கேட்கும் மரத்தையே ஏன் திரும்ப வைக்க வேண்டும்? புங்கன் கொஞ்ச இடத்தில் பிழைத்துக்கொள்ளும்.

தூங்குமூஞ்சி ரசிகை:
இடம் குறைந்தால் கல்லை எடுங்கள். மரத்தைச் சின்னதாக்கினால் மிச்சத்துக்கும் கல் வரும். 1980களில் பூங்கா ஓரத்து அட்டாரா கச்சேரியையே இடிக்கப் பார்த்தார்கள். ஊர் எதிர்த்ததால் அந்தச் சிவப்புக் கட்டடம் இன்றும் உயர்நீதிமன்றமாக நிற்கிறது. அதுவும் கமிஷனர்கள் காலத்தில் எழுந்ததுதானே? கட்டடத்துக்கு ஒரு நியாயம், மரத்துக்கு ஒரு நியாயமா?

மண்வாசி:
நிற்கிற மரத்தில் கை வைக்கச் சொல்லவில்லையே. கட்டடத்தைப் பழுது பார்க்கலாம், விழுந்த மரத்தை என்ன செய்ய முடியும்? காலியான குழியைப் பற்றி மட்டும்தான் பேச்சு. பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மீட்ஸ் பார்க், பிறகு கப்பன், 1927இல் சாமராஜேந்திரா பூங்கா. மாற்றம் இதற்குப் புதிதா?

தூங்குமூஞ்சி ரசிகை:
நல்ல உதாரணம் கொடுத்தீர்கள். 1927இல் மாற்றிய பெயரை இந்தத் தலைப்பில் நீங்களே பயன்படுத்தவில்லை.

கால்வாய்:
பூங்காக்களைக் காக்க 1975இல் போட்ட சட்டமே இருக்கிறது. அதைக் காட்டி முதலில் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் மண்ணைத் திறந்துவிடச் சொல்லுங்கள். கன்று வைத்தபின் முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். எந்தக் கன்று என்பதை அதற்கப்புறம் பார்க்கலாம்.

மண்வாசி:
சரி, அரசமரம் வைத்துவிடுவோம். அதை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

தூங்குமூஞ்சி ரசிகை:
அரசமரம் வைத்தால் பத்தே வருடத்தில் சுற்றி சிமெண்ட் மேடை கட்டி நாகர் கல் வைத்துவிடுவார்கள். கால்வாய் சார் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.