சாம் லாங்ஃபோர்டை எந்தக் கோலத்தில் நினைப்பது?

கரிசல்காட்டான்:
1944இல் ஆல் லேனி என்ற நியூயார்க் நிருபர், பழைய கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் சாம் லாங்ஃபோர்டைத் தேடி, அந்நகரில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதி முழுக்க அலைந்தார். விசாரித்தவர்களில் பலர், அவர் செத்துப்போய்விட்டார் என்றே சொன்னார்கள். கடைசியில் ஓர் இருட்டறையில், இரண்டு கண்ணும் தெரியாத நிலையில், ஆளைக் கண்டுபிடித்தார். கட்டுரையைப் படித்தவர்கள் பத்தாயிரம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். மறக்கப்பட்ட வீரர்களை மீட்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பட்ட பாட்டை எழுத வேண்டும்.

மணிமேகலை:
ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. லாங்ஃபோர்டு என்றாலே அந்த இருட்டறைதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. 1903இல் லைட்வெயிட் என்னும் குறைந்த எடைப் பிரிவின் சாம்பியன் ஜோ கான்ஸைப் புள்ளிக்கணக்கில் வென்றவர் அவர். அந்தப் பிரிவின் வரம்பைவிட எடை கூடியிருந்ததால் பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை. ஐந்தரை அடிக்குச் சற்றே மேலான உயரத்தை வைத்துக்கொண்டு ஹெவிவெயிட் என்னும் அதிக எடைப் பிரிவுக்காரர்களைச் சாய்த்தார். 1922இல், பார்வை பெரும்பாலும் போன பிறகு, டைகர் ஃப்ளவர்ஸை இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தினார். அந்த ஃப்ளவர்ஸ் நான்கு ஆண்டுகளில் உலக மிடில்வெயிட் சாம்பியன் ஆனார். எதிரில் நிற்பவன் நிழலாகத் தெரியும்போது, உடம்போடு உடம்பாக ஒட்டி நின்று, கையால் தடவி அறிந்து அடிப்பது எவ்வளவு பெரிய வித்தை! முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.

கரிசல்காட்டான்:
அந்த வித்தையைத் தேடிப் படிக்க ஆள் வர வேண்டுமே, அம்மா? லேனி எழுதியிராவிட்டால் நீங்களும் நானும் இன்று இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்போமா?

மணிமேகலை:
லேனிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இரக்கத்தோடு நிறுத்திக்கொண்டால், அவருக்கு நடந்த அநியாயம் ஏதோ தலைவிதி போல ஆகிவிடுகிறது. 1906இல் அவரைத் தோற்கடித்த ஜாக் ஜான்சனும் கறுப்பர்தான்; 1908இல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆன பிறகு அவர் மறுபடி மோத இடம் கொடுக்கவே இல்லை. 1915இல் அந்தப் பட்டம் வெள்ளையர் கைக்குத் திரும்பியதும், ஹெவிவெயிட்டில் கறுப்பர்களுக்குக் கதவை அடைத்துவிட்டார்கள். அதனால்தான் லாங்ஃபோர்டும் இன்னொரு கறுப்பின வீரரான ஹாரி வில்ஸும் ஒருவரோடு ஒருவரே திரும்பத் திரும்ப மோதி வயிறு கழுவினார்கள். கண் போனதும் அந்தப் பிழைப்பில்தான்.

கரிசல்காட்டான்:
இதை ஏற்கிறேன். இருட்டறையைப் பற்றி எழுதுகிறவர், அவரை அங்கே தள்ளியவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆனாலும் அந்த அறையை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு வாசகர்கள் அனுப்பியவற்றில் ஒரு கிட்டாரும் இருந்தது.