ஆக்கத்திறன், தலைமைத்துவம், பண்பாட்டிடை அடையாளம்: மட்டக்களப்பிலிருந்து இத்துறைக்குள் எப்படிச் செல்வது?

கேள்வி: வந்தாறுமூலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடத்தில் இறுதியாண்டில் பயில்கிறேன். பட்டம் முடிந்ததும் உளவியலில் முதுமாணியும், வாய்ப்புக் கிடைத்தால் கலாநிதிப் பட்டமும் செய்ய விரும்புகிறேன். அண்மையில் வெளிநாட்டு உளவியல் பேராசிரியர் ஒருவரின் இணையவழி விரிவுரையைக் கேட்டேன். ஆக்கத்திறன் பற்றிய ஆய்வில் தொடங்கி, தலைமைத்துவத்துக்குச் சென்று, இப்போது இரு பண்பாடுகளுக்குள் வாழ்பவர்களின் அடையாளத்தை ஆராய்கிறார். இம்மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்வி இருக்கிறதா, அல்லது வாய்ப்பு வந்த பக்கமெல்லாம் அவர் போனாரா என்பது எனக்கு விளங்கவில்லை.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படியான ஆய்வைச் செய்தால், வேறெங்கோ உருவான கோட்பாட்டுக்குத் தரவு திரட்டிக் கொடுக்கும் வேலையாக மட்டும் அது முடிந்துவிடுமா? உளவளத்துணை படித்தால் தொழிலாவது கிடைக்கும் என்று அப்பா சொல்கிறார். அவருக்கு நேர்மையான பதில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பதில்: கல்லடியைச் சேர்ந்த உளவியல் விரிவுரையாளர்

தங்கச்சி, அந்தப் பேராசிரியரின் பாதையில் எனக்கு ஒரே கேள்விதான் தெரிகிறது. இத்துறை வளர்ந்த விதத்தைப் பார்த்தால் உங்களுக்கும் அது தெரியும்.

1950 இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக உரையாற்றிய கில்ஃபோர்ட், கால் நூற்றாண்டளவில் பதிவான ஏறத்தாழ 121,000 உளவியல் ஆய்வுகளில் 186 மட்டுமே ஆக்கத்திறனைத் தொட்டன என்று எடுத்துக்காட்டினார். அதன்பின் வந்தவர்கள் அதைத் தனிமனிதரின் ஆற்றலாகவே அளந்தார்கள். பிறகு தெரேசா அமாபிலி போன்றோர், ஒருவர் எந்தச் சூழலில் வேலை செய்கிறார், அவரை மதிப்பிடுபவர் யார், ஈடுபாட்டினால் செய்கிறாரா வெகுமதிக்காகச் செய்கிறாரா என்று கேட்டார்கள். சூழலைக் கேட்டவுடன், அச்சூழலை உருவாக்கும் தலைவரைக் கேட்காமல் இருக்க முடியாது.

தலைவரைப் பற்றிக் கேட்டால் பண்பாடு வந்துவிடும். ரொபர்ட் ஹவுஸ் தொடக்கி வைத்து 2004 இல் பெருநூலாக வெளிவந்த குளோப் ஆய்வு, 62 சமூகங்களில் எப்படிப்பட்டவரை மக்கள் நல்ல தலைவராக ஏற்கிறார்கள் என்று பார்த்தது. சில பண்புகள் எங்கும் விரும்பப்பட்டன. வேறு சில, ஓரிடத்தில் பலமாகவும் இன்னோரிடத்தில் குறையாகவும் இருந்தன.

அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே மனிதருக்குள் இரண்டு பண்பாடுகள் இருந்தால் என்ன நடக்கும்? யிங்-யி ஹோங்கும் சகாக்களும் 2000 இல் வெளியிட்ட ஆய்வில், ஹொங்கொங் மாணவர்களில் ஒரு பகுதியினருக்குச் சீனச் சின்னங்களையும், இன்னொரு பகுதியினருக்கு அமெரிக்கச் சின்னங்களையும் காட்டினார்கள். பின்னர், மீன்கூட்டத்துக்கு முன்னால் ஒரு மீன் தனியே நீந்தும் படத்தைக் காட்டி, ஏன் அப்படி நீந்துகிறது என்று கேட்டார்கள். சீனச் சின்னங்களைப் பார்த்தவர்கள், கூட்டத்தின் செல்வாக்கைக் காரணமாகச் சொல்ல அதிகம் முனைந்தார்கள். 2008 இல் சி-யிங் செங்கும் சகாக்களும் ஆசிய அமெரிக்கர்களிடம் புதிய உணவு வகை ஒன்றை உருவாக்கச் சொன்னார்கள். இரு பண்பாட்டுச் சமையற்பொருட்களும் கையில் இருந்தபோது, தம் இரு அடையாளங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதாக உணர்ந்தவர்களே கூடுதல் ஆக்கத்திறனைக் காட்டினார்கள். ஆக்கத்திறனில் தொடங்கிய கேள்வி தலைமைத்துவம், பண்பாடு, அடையாளம் வழியாகத் திரும்பவும் ஆக்கத்திறனிடமே வந்து சேர்ந்திருக்கிறது, பார்த்தீர்களா?

உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமானது. முன்னணி அமெரிக்க உளவியல் சஞ்சிகைகளின் ஆய்வுகளில் பங்குபற்றியோரில் 96 வீதமானோர் மேற்கத்தேய கைத்தொழில் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று உளவியலாளர் ஆர்னெற் 2008 இல் காட்டினார். ஆனால் எங்களைப் போன்ற இடங்களிலிருந்தும் கோட்பாடுகள் பிறந்திருக்கின்றன. பிலிப்பைன்ஸில் விர்ஜிலியோ என்ரிக்கேஸ் தம் மக்களின் வாழ்விலிருந்தே ஓர் உளவியலைக் கட்டியெழுப்பினார். இந்தியாவில் ஜெய் சின்ஹா, அன்பும் அக்கறையும் காட்டி, ஆனால் வேலை நடந்தால் மட்டுமே அதைக் காட்டும் தலைவர் ஒருவரை 1980 இல் கோட்பாடாக முன்வைத்தார். கூத்துக் களரியில் மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியாரை, அதாவது கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசானைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதை வாசித்தபோது வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பதில்: அக்கரைப்பற்று ஆசிரியர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். விரிவுரையாளர் சொன்னவற்றோடு எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சேர்க்கிறேன்.

பண்பாட்டிடை ஆய்வு என்றால் இரு நாடுகளை ஒப்பிடுவது என்றே பலர் நினைக்கிறார்கள். இங்கே அது அடுத்த தெருவில் இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் களஆய்வு செய்து, இப்பகுதித் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை (ஒருவரின் குடி தாயின் வழியாக வரும் முறை) இருப்பதை விரிவாகப் பதிவு செய்தார். கோயில் நிர்வாகிகளான வண்ணக்கரும் பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயரும் குடிவழியில் தெரிவான வழமை இரு சமூகங்களுக்கும் பொதுவானது. மகளுக்கு வீடு கொடுப்பதும் அப்படித்தான். ஆகவே தலைமைத்துவத்தை ஆராய வருபவர் தமிழர் ஒரு பெட்டி, முஸ்லிம்கள் இன்னொரு பெட்டி என்று பிரித்துக்கொண்டு தொடங்கினால், இங்குள்ள மிக முக்கியமான விடயத்தை முதல் நாளே தவறவிட்டுவிடுவார்.

அதேவேளை, பொதுவானவை இருப்பதால் புண் இல்லை என்று ஆகிவிடாது. 1990 இல் நடந்த வன்முறையில் இரு பக்கமும் இழந்த உயிர்களை இரு பக்கமும் மறக்கவில்லை. அடையாளம் பற்றிய வினாக்கொத்தை ஒரு வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளை இதை அறிந்திருக்க வேண்டும். மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றித் தேடிப் படியுங்கள், மகள். போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கே ஒன்றாக ஓவியம் வரைந்தார்கள், களிமண்ணில் உருவம் செய்தார்கள், கதை கட்டினார்கள். யார் யார் என்ற கேள்வியோடு தொடங்காமல், ஒன்றாகச் செய்யும் வேலையோடு தொடங்கிய முயற்சி அது.

மீண்டும்: வந்தாறுமூலை மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணாவியார் பற்றிச் சொன்னதிலிருந்து ஒரு யோசனை வந்தது. கூத்துப் பழகும் குழுவொன்றில் ஆக்கத்திறனை ஆராயலாமா? அதை அளப்பதற்கு மேற்கத்தேயப் பரீட்சையைத்தான் பயன்படுத்த வேண்டுமா?

பதில்: கல்லடியைச் சேர்ந்த உளவியல் விரிவுரையாளர்

தேவையில்லை. அமாபிலி 1982 இல் முன்வைத்த மதிப்பீட்டு முறை உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். துறையில் தேர்ந்தவர்கள் பலர், ஒருவரோடொருவர் கலந்து பேசாமல், ஒவ்வொரு படைப்பையும் தம் சொந்தக் கணிப்பில் மதிப்பிடுவார்கள். அவர்களின் மதிப்பீடுகள் எந்தளவு ஒத்துப்போகின்றன என்று பிறகு கணக்கிடுவோம். ஆக்கத்திறன் எது என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே வரையறுத்துக் கொடுப்பதில்லை. கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரு மரபுகள் உண்டு; வடமோடி ஆட்டத்தில் ஒரு வரவை (பாத்திரம் களரிக்குள் வரும்போது ஆடும் ஆட்டத்தை) இளைஞர் ஒருவர் புதிதாக ஆடிக் காட்டினால், அது புதுமையா பிசகா என்று சொல்லத் தகுந்தவர்கள் வெவ்வேறு ஊர் அண்ணாவிமார்தான். அவர்கள் ஒத்துப்போனால் அது ஒரு முடிவு. வடமோடி அண்ணாவிமாரும் தென்மோடி அண்ணாவிமாரும் வேறுபட்டால் அது இன்னும் சுவையான முடிவு, ஏனென்றால் புதுமையின் எல்லையை மரபு எங்கே வைக்கிறது என்பதை அது காட்டும்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஆய்வுத்துறையில் நிரந்தர வேலை கிடைக்க ஆண்டுகள் பல பிடிக்கும், அதனால் உளவளத்துணைக் கற்கையையும் கூடவே செய்வது நல்லது, அங்கே மனிதரைக் கேட்கப் பழகும் பழக்கம் நேர்காணலுக்கு நேரடியாக உதவும். புள்ளிவிபரவியலை மட்டும் ஒத்திவைக்காதீர்கள். முதுமாணிக்குப் போகுமுன் தொடர்புக்கெழுவையும் மாறற்பகுப்பாய்வையும் சொந்தத் தரவில் செய்து பாருங்கள். களரி கட்டும் காலம் வருமுன் ஆய்வு முன்மொழிவை எழுதி அனுப்பினால், அதை வாசித்துக் கருத்துச் சொல்கிறேன்.