14 வருஷ பைக்: இன்ஜின் வேலை பார்க்கலாமா, புதுசு எடுக்கலாமா?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது 125 சிசி பைக். 14 வருஷம் ஆச்சு, மீட்டரில் 1,18,000 கிலோமீட்டர். வேலைக்குப் போக வர தினமும் 36 கிலோமீட்டர், வீட்டில் இருக்கிற ஒரே வண்டி இதுதான்.

ரெண்டு மாசமாகக் காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் நீலப் புகை வருகிறது. அரை நிமிஷத்தில் நின்றுவிடும். ஆயில் மாற்றி 1,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், அதற்குள் டிப்ஸ்டிக்கில் கீழ்க் கோட்டுக்கும் கீழே போய்விட்டது. பிளக்கைக் கழற்றினேன், முனையில் கரி ஈரமாக ஒட்டியிருந்தது, துடைத்தால் விரலில் பிசுபிசு என்று இருந்தது. மெக்கானிக் வண்டியில் கையே வைக்காமல், "சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு பிஸ்டன் மாத்தணும், இல்லன்னா தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுங்க" என்கிறார். ஆனால் பிக்கப் குறையவில்லை, மேட்டில் எப்போதும் போல ஏறுகிறது.

மகளை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன வண்டி. மனசு அந்தப் பக்கம் இழுக்கிறது என்பது எனக்கே தெரியும், அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

பதில் 1:
புதுசே எடுங்க சார். இன்ஜினைச் சரி பண்ணினால் அடுத்து கிளட்ச், அப்புறம் ஒயரிங் என்று வரிசையாக வரும். மகள் பின்னால் உட்காருவாள் என்றால் ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் வசதி) இருக்கிற வண்டியாகப் பாருங்க. ஈர ரோட்டில் அதன் அருமை தெரியும்.

பதில் 2:
அண்ணா, அவசரப்படாதீங்க. ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் புகைந்தால் முதலில் வால்வு சீலைத்தான் சந்தேகப்படணும். சீல் ரப்பர் காய்ந்து இறுகிப்போனால் ஹெட்டில் (இன்ஜினின் மேல் பாகம்) இருக்கிற ஆயில் வால்வு தண்டு வழியாக ராத்திரி கசிந்து இறங்கும், காலையில் அது எரிந்து புகையாகும். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்திருந்தால் ஓட்டும்போது, ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்கப் புகை வரும், பிக்கப்பும் விழுந்திருக்கும்.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்க. பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்கணும். ரெண்டாவது அளவு நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டரின் உள்சுவரோ (போர்) தேய்ந்திருக்கு. ஏறவில்லை என்றால் போர் போட வேண்டிய அவசியமே இருக்காது.

அதைவிட முக்கியம் சேஸ், அதாவது வண்டியின் இரும்புச் சட்டம். இன்ஜினை எத்தனை முறை வேணும்னாலும் பிரித்துக் கட்டலாம், துருப்பிடித்த சேஸ் ஓடும்போது விட்டுவிட்டால் ஆள் போய்விடுவார். சீட்டைக் கழற்றுங்க. ஹேண்டில்பார் கழுத்து வெல்டிங், ஸ்விங் ஆர்ம் போல்ட் சுற்றிலும், சென்டர் ஸ்டாண்டு மாட்டுகிற இடம், இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்க. பெயிண்ட் உப்பியிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுங்க. செதில் உதிர்ந்து கீழே கெட்டி இரும்பு தெரிந்தால் பரவாயில்லை. முனை உள்ளே போனால் அந்த வண்டிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ணாதீங்க.

பதில் 3:
கடைசி 12 மாசச் செலவை உட்கார்ந்து எழுதுங்க. டயர், செயின், பிரேக் ஷூ எல்லாம் எந்த வண்டிக்கும் வருகிற செலவு, அதைத் தள்ளிவிடுங்க. பழசானதால் வந்த செலவை மட்டும் கூட்டி, புது வண்டியின் மாசத் தவணையோடும் இன்சூரன்ஸோடும் வைத்துப் பாருங்க. வழியில் நின்று வேலைக்குப் போக முடியாமல் போன நாளையும் சேர்க்கணும்.

கேள்வி கேட்டவர்:
வேறு மெக்கானிக்கிடம் கேஜ் வைத்துப் பார்த்தேன். முதலில் 150 பிஎஸ்ஐ, ஆயில் விட்ட பிறகு 155. ரிங் நன்றாகவே இருக்கு என்கிறார். சேஸையும் நானே சுரண்டிப் பார்த்தேன். கழுத்து சுத்தம். சென்டர் ஸ்டாண்டு பக்கம் மட்டும் செதில் செதிலாக வந்தது, அடியில் இரும்பு கெட்டி. துரு எடுத்து பிரைமர் அடித்துவிட்டேன். 12 மாசத்தில் வழியில் நின்றது ஒரே நாள், அதுவும் பேட்டரி.

ஹெட்டை இறக்கி வால்வு சீல் மாற்றச் சொல்லியாச்சு. வால்வு தண்டு ஏறி இறங்குகிற குழாயான கைடு தேய்ந்து, தண்டு அதில் ஆடினால் அதையும் மாற்றிவிடுவார். ஏபிஎஸ் சொன்ன நண்பருக்கு நன்றி, அது மனதில் நிற்கிறது. கைடும் போயிருந்தால் மறுபடி வந்து கேட்கிறேன்.